விளாம்பழம் விழுந்த மூக்கு

முத்தலைப்பட்டணத்து ராஜாவுக்கு மீன் என்றால் உயிர். ஆனால் சடையாண்டி முகர்ந்து பார்க்காமல் ஒரு நெத்திலிகூட அரண்மனை அடுப்பில் ஏறாது. அவன் "சரி" என்று சொல்லிவிட்டால் மீன் சட்டிக்குள் போயாக வேண்டும், சமையல்காரர் மறுபேச்சு பேசக் கூடாது. அதுதான் வழக்கம். இருபது வருஷமாக அந்த மூக்குதான் அவன் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு போட்டது.

அந்த மூக்குக்கா வர வேண்டும் வினை! அரண்மனைத் தோட்டத்தில் நடந்து போனவன், பழ வாசனை தூக்குதே என்று அண்ணாந்து பார்த்தான். விளாம்பழம் ஒன்று நேரே மூக்கில் வந்து விழுந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, "மூச்சு வரும். வாசனை இனி இந்த ஜென்மத்துக்கு வராது" என்றார். அன்றைக்கே வேலையும் போயிற்று.

நஷ்டஈடு கேட்டுச் சபைக்கு வந்தான் சடையாண்டி. பொக்கிஷதார் திருவேங்கடம் செப்பேட்டை எடுத்தார். கஜானாவிலிருந்து ஒரு காசு போனாலும் தன் பல்லைப் பிடுங்கியது போலத் துடிக்கிற ஆசாமி அவர்.

"உறுப்பில் எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவு வெள்ளி. இதுதான் சட்டம். தராசைக் கொண்டு வாங்க!"

சடையாண்டி குப்புறப் படுத்து மூக்கைத் தட்டில் வைத்தான். அடிபடுவதற்கு முன்னால் அது என்ன எடை இருந்தது? அதற்கும் பொக்கிஷதார் வழி வைத்திருந்தார். சடையாண்டியின் தம்பியை இழுத்து வந்து எதிர்த்தட்டில் மூக்கை வைக்கச் சொன்னார். வீங்கிய மூக்கின் பக்கம் தட்டு தாழ்ந்தது.

"பாருங்க மகாராஜா! மூக்கு எடையில கால் பலம் கூடியிருக்கு. இவன்தான் நமக்கு வெள்ளி கட்டணும். அண்ணாந்து பார்க்கச் சொல்லி இவனை யார் அழுதா?"

"ஐயா, எனக்கு வாசனையே தெரியலைங்க!"

"முழு மூக்கு இருக்கு, வாசனை தெரியாதாம்! நடிக்கிறான் மகாராஜா."

சடையாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூக்கைச் சிந்த வேண்டும், சிந்தினால் உயிர் போகும். அடக்கிக்கொண்டான்.

அரசவை விகடகவி அரியநாயகம் எழுந்தார். "பொக்கிஷதார் சொல்றது நியாயம்தான் மகாராஜா. மூக்கு நல்ல மூக்கு. அப்ப இவனை வேலையை விட்டு நிறுத்தினது தப்பாச்சே! திரும்பச் சேர்த்துக்குங்க. இவன் 'சரி'ன்னு சொல்ற மீனை முதல்ல பொக்கிஷதாரே ருசி பார்க்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. காசும் மிச்சம், மீனும் ஓசி. பொக்கிஷதார் பூரித்துப் போனார். 'அடப்பாவி மனுஷா, நீருமா?' என்று சடையாண்டி மனசுக்குள் அரியநாயகத்தைத் திட்டினான்.

மறுநாள் சமையல்கட்டுக்கு ஒரு கூடை வஞ்சிரம் அனுப்பிவைத்தார் அரியநாயகம். நாலு நாள் வெயிலில் கிடந்த வஞ்சிரம். சடையாண்டி மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் "சரி" என்றான். சமையல்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குழம்பு வைத்தார்.

சபையில் சட்டியைத் திறந்தார்களோ இல்லையோ, கொட்டடியில் யானை பிளிறியது. ராஜா சிம்மாசனத்தோடு பின்னால் நகர்ந்தார்.

"அழுகின மீன்யா இது!"

"இருக்காதே மகாராஜா!" என்றார் அரியநாயகம். "மூக்கு 'சரி'ன்னு சொல்லிடுச்சு. மூக்கு சரியா இருக்குன்னு பொக்கிஷதார் சொல்லிட்டார். ம், சாப்பிடுங்க ஐயா."

பொக்கிஷதார் மீனைப் பார்த்தார். கஜானாவை நினைத்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"ந... நல்ல மீன்."

சபையே வாயைப் பிளந்தது. சடையாண்டிக்கே பாவமாகப் போய்விட்டது.

"பிரமாதம்! நாளைக்குச் சுறா" என்றார் அரியநாயகம். "சடையாண்டிக்கு இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்க்கிற வயசு இருக்கு. தினமும் ஒரு வேளை..."

"ஒரு வருஷச் சம்பளம் கொடுத்துடறேன்!"

"சரி. மிச்சம் பத்து வருஷம் சாப்பிடுங்க."

"ஐயோ, பதினோரு வருஷமும் கொடுத்துடறேன்!" என்று அலறிக்கொண்டே பொக்கிஷதார் கொல்லைப்பக்கம் ஓடினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அரியநாயகத்துக்குப் போட்டார். "இனிமே எடைக்கு இல்லை. போன பிழைப்புக்குத்தான் ஈடு. எழுதுங்க!"

சடையாண்டி தயங்கித் தயங்கிக் கும்பிட்டான். "மகாராஜா, எட்டு நாளா வலியில பொட்டுத் தூக்கம் இல்லைங்க. அதுக்கு ஒண்ணும் கிடையாதுங்களா?"

ராஜா தாடியைத் தடவினார். "பட்ட வேதனைக்கு எப்படிய்யா விலை போடறது? அது பட்டவனுக்குத்தானே தெரியும்?"

அரியநாயகம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கொல்லைப்பக்கத்திலிருந்து, ஓங்கரிப்புக்கு நடுவே பொக்கிஷதாரின் குரல் ஈனமாகக் கேட்டது:

"எழுதுங்க மகாராஜா... அதுக்கும் சேர்த்து எழுதுங்க!"