வெள்ளிக்குப் போகும் கருவியும் ஒரு பொன்னாடையும்

வெள்ளிக் கிரகத்துக்குச் சிக்கனச் செலவில் போகிற விண்கலத்தில் ஒரு சின்னக் கருவி வைக்க, அந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது. கருவியில் தூசி படிந்தால் கதை முடிந்தது. அதனால் அது இருந்த அறையில் தூசியை எண்ணும் மெஷின் ஒன்று உண்டு. பழைய சி.டி. பிளேயரின் லேசரை வைத்து ஆய்வக உதவியாளர் ஜெபராணி கட்டியது.

கருவிக்கு இறுதி அனுமதி தருவதற்காகப் பார்வையிட வந்த தேர்வுக்குழுத் தலைவர் குஞ்சிதபாதம், வாசலில் போர்த்திய ஜரிகைப் பொன்னாடையோடே உள்ளே நுழைந்தார். ஜெபராணி வெள்ளை அங்கியை நீட்டினாள்.

"அதெல்லாம் உங்களுக்கு" என்றார் தலைவர்.

மெஷினில் அதுவரை பன்னிரண்டாக இருந்த தூசிக் கணக்கு தொள்ளாயிரமானது.

"இந்த ஓட்டை மெஷினை நம்பியா வெள்ளிக்குப் போறீங்க? பத்து நிமிஷம் தரேன். எதையும் தொடாம, துடைக்காம பழைய நம்பரைக் கொண்டு வா. இல்லேன்னா உங்க கருவி இங்கேயே கிடக்கட்டும்."

கூட நின்ற ஆய்வகப் பேராசிரியர்கள் ஜெபராணியைப் பார்த்தார்கள்.

"சரிங்கய்யா. வெளியே போட்டோகிராபர் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கார்" என்றாள் ஜெபராணி.

தலைவர் போய் ஏழெட்டுக் கோணத்தில் நின்றார். அறையின் காற்றுவடிகட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைங்கய்யா. உள்ளே வாங்க, காட்டுறேன்."

ஒரு கால் வைத்தார். முந்நூறு. மறுகால் வைத்தார். தொள்ளாயிரம்.

"மெஷின்ல கோளாறு இல்லைங்கய்யா. அது உங்க பொன்னாடையைத்தான் எண்ணிக்கிட்டிருக்கு."

தலைவர் வெளியே போய் நின்றே அனுமதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அதையும் மெஷின் எண்ணிவிடும்.