தெக்சியாஸ் போட்ட தாழ்ப்பாள்

சர்ர்க்... சர்ர்க்...

ஊர் அடங்கிய பிறகு பக்கத்து வீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெலித்தா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு மானேஸ் அரசனுக்காகத் தலை வெட்டுகிறவன். உத்தரவு வந்தால்தான் கோடாரியைத் தீட்டுவான்.

சுவரோரம் போய் மெல்லக் கேட்டாள். "மானேஸ், நாளைக்கு யாருக்கப்பா?"

சத்தம் நின்றது. "என் வாயால எப்படிக்கா சொல்றது? வீட்டுக்காரரை நல்லா சாப்பிடச் சொல்லுங்க."

அவள் கணவன் தெக்சியாஸ், அந்தக் கிரேக்க ஊரிலேயே பெரிய கட்டடக் கலைஞன். கோயில், கோட்டை எல்லாம் அவன் கட்டியது. சொந்த வீட்டுக் கதவுக்கு மட்டும் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை. "நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடுவான்.

அரசன் திராசோன் அப்படியில்லை. பூனை குதித்தாலும் காவலரைக் கூப்பிடுவான். யாராலும் வெளியிலிருந்து திறக்க முடியாத படுக்கையறை கட்டச் சொல்லியிருந்தான். கட்டி முடிகிற நேரத்தில் மந்திரி அவன் காதில் ஓதினான்: "அரசே, கட்டினவனுக்குத் திறக்கிற வழி தெரியுமே!"

மெலித்தா கணவனை உலுக்கினாள். "என்னங்க, நாளைக்கு அறையோட உங்க கதையையும் முடிக்கப் போறாங்க!"

தெக்சியாஸ் தாடியைச் சொறிந்தான். "அப்படியா? நாளைக்கு நீயும் பிள்ளையோட வா. அறையைப் பார்க்கணும்னியே." திரும்பிப் படுத்துவிட்டான்.

மறுநாள் அறை வாசலில் மானேஸ் கோடாரியோடு நின்றான். அரசன் கேட்டான். "வேலை முடிந்ததா?"

"தாழ்ப்பாள் சரியா விழுதான்னு உள்ளே போய்ப் பார்க்கணும், அரசே."

"பெண்டாட்டி எதற்கு?" என்றான் மந்திரி.

"விளக்குப் பிடிக்க."

பிள்ளையோடு கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள். டொக்! வெண்கலக் கதவில் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு திறக்கவே இல்லை.

"தெக்சியாஸ், வெளியே வா!" என்று அரசன் கத்தினான்.

"மானேஸ் போகட்டும், வர்றேன்."

வீரர்கள் கனத்த தடியால் கதவை இடித்தார்கள். தடிதான் உடைந்தது.

"பட்டினி கிடந்து சாகட்டும்!" என்றான் மந்திரி.

"அரசருக்காக அடுக்கி வச்ச அத்திப்பழம் ஆறு மாசத்துக்கு வரும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது. மெலித்தா நடுங்கிக்கொண்டே மூன்றாவது பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்தது. அரசன் கதவைத் தட்டினான். "அடேய், இருட்டுகிறது! நான் எங்கேடா படுப்பேன்? திறக்கிற வழி உனக்குத் தெரியும் என்பதால்தானே உன்னை வெட்டச் சொன்னேன்!"

"வெளியிலிருந்து திறக்க ஒரு வழி இருந்திருந்தா, பொண்டாட்டி பிள்ளையோட இதுக்குள்ள வந்து உட்கார்ந்திருப்பேனா, அரசே?"

அரசன் மந்திரியைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். தெக்சியாஸை ஒருநாளும் தொடமாட்டேன் என்று சபையறிய ஜீயஸ் கடவுள் மேல் ஆணையிட்டான். கதவு திறந்தது. அரச மெத்தையில் பிள்ளை ஈரம் பண்ணியிருந்தது. அதையே அரசன் பரிசாகச் சுருட்டிக் கொடுத்தனுப்பினான்.

அன்றிரவு சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அக்கா, கோடாரி நல்ல கூரா இருக்கு. விறகு ஏதாவது வெட்டணுமா?"

மெலித்தா வாயைத் திறப்பதற்குள் தெக்சியாஸ் எழுந்து போய், வீட்டுக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டான்.