அடுப்பேறாத அண்டா

மீன்பாடி வண்டி ஓட்டும், கேலரியில் மேளம் அடிக்கும் அற்புதராஜ் வாயைத் திறந்தால் மேட்ச் அப்படியே நடக்கும் என்று வியாசர்பாடி முழுக்கப் பேச்சு. 'வடசென்னைச் சுறா' கால்பந்து அணியின் முதலாளி கனகசபாபதிக்கு அது பொறுக்கவில்லை. இறுதிப் போட்டியன்று காலை, மைதான வாசலில், கூட்டத்துக்கு நடுவே அவனை மடக்கினார்.

"இன்னைக்கு என்ன ஆகும், சொல்லுடா! தப்பாச்சுன்னா இனி உன் மேளம் கேலரிக்குள்ள வராது."

"தோத்துடுவோம் மொதலாளி."

கூட்டம் கொதித்தது. முதலாளி சிரித்தார். "உனக்கு யாருடா சொன்னது?"

"நீங்கதான் மொதலாளி. ஜெயிச்சா கேலரிக்கே பிரியாணி போடுவீங்க. அதுக்குக் காலையிலேயே மஸ்தான் பாய் அண்டாவை அடுப்புல ஏத்திடுவாரு. இன்னைக்கு அதைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருக்காரே?"

எல்லாரும் வாசலோரம் அண்டாமேல் இருந்த பாயைப் பார்த்தார்கள். "வேணாம்னு நேத்தே சொல்லி அனுப்பிட்டாரு," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்போ மேட்சை வித்துட்டாரா?" என்று யாரோ கேட்டார்கள். முதலாளி காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் நம் வலையில் மூன்று கோல் விழுந்தது. இரண்டை நம் கோல்கீப்பர் நின்று வேடிக்கை பார்த்தான். அற்புதராஜ் மட்டும் கடைசி விசில் வரை, விரல் கிழிய, மேளம் அடித்தான்.

காலியான கேலரியில் பாய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். "தோப்போம்னு தெரிஞ்சும் ஏம்பா இப்படி அடிச்சே?"

"உள்ள ஓடினவங்கள்ல ஒருத்தனுக்காவது தெரியாம இருந்திருக்கும் பாய். அவனுக்காக அடிச்சேன்."