வலது சிறகு மேலே வந்த கதை

பூச்சிகளும் நம்மைப் போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கிணற்றடியில் இடிந்த மண்சுவர் ஒன்று இருந்தது. அதன் பொந்துகளில் சுவர்க்கோழிகள் குடியிருந்தன. மழை விட்டதும் காதைத் துளைக்கிறதே, அதே பூச்சிதான். ஆனால் அப்போது அவற்றின் பாட்டைக் கேட்கச் சகிக்காது. இடது சிறகை வலது சிறகின் மேல் போட்டுக் கர் கர் என்று தேய்க்கும், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் கருத்தாண்டி என்று ஒருவன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்சிக்கு அவன்மேல் ஆசை. அவனுக்கும்தான். "மழை விட்டதும் பாடுங்க. சத்தத்தை வச்சு வந்துடுறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். நடுவில் இருந்த புல் அவள் தலைக்கு மேல் நிற்கும். காதை நம்பித்தான் நடக்க வேண்டும்.

மழை விடுகிற நேரம் பார்த்து ஒரு பல்லி கருத்தாண்டியின் இடது சிறகைக் கடித்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம். சிறகு பாதி கிழிந்து தொங்கியது.

கூட்டத்துக்குத் தலைவர் ஒச்சப்பன் வந்து பார்த்தார். "போனது போகட்டும்ப்பா. இந்த மழைக்குப் பேசாம உக்காரு" என்றார்.

"பேச்சி கிளம்பியிருப்பாளே அண்ணே. என் சத்தம் கேக்கலேன்னா அவ எங்க போவா?"

கருத்தாண்டி கிழிந்த சிறகை மேலே தூக்கிப் பார்த்தான். உயிர் போகிற வலி. சரி, அது கீழேயே கிடக்கட்டும் என்று வலது சிறகை அதன் மேல் போட்டு ஓர் இழுப்பு இழுத்தான்.

அடேயப்பா, அது என்ன சத்தம். கிர்ரீ என்று கிளம்பி, கிழிசலில் இடறி, ஒரு துள்ளு துள்ளி மேலே போனது. கேட்ட எல்லாருக்கும் கால் தானாக ஆடியது. ஒச்சப்பனுக்கே ஆடியதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? பொந்துக்குப் பொந்து வலது சிறகு மேலே ஏறியது. நல்ல சிறகு உள்ளவர்களும் அந்தத் துள்ளலுக்காக வேண்டுமென்றே இடறினார்கள். ஒருத்தன் பல்லி கடித்த மாதிரி இடது சிறகை மடக்கியே வைத்துக்கொண்டான். அதைப் பார்த்துக் கருத்தாண்டிக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

அதற்குள் புல்லுக்குள்ளிருந்து பேச்சியின் குரல் கேட்டது. "எல்லாப் பக்கமும் உங்க பாட்டாத்தான் இருக்கு. நான் எந்தப் பக்கம் வர?" குரல் அழுகிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பின்னாலேயே பல்லி ஊர்கிற சரசரப்பும் கேட்டது.

கருத்தாண்டி வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாடினான். அவன் பாடப் பாட, கேட்டவர்களும் இன்னும் வேகமாகப் பாடினார்கள். எது தன் சத்தம், எது அவர்கள் சத்தம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒச்சப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எல்லாரும் சிறகை மடக்குங்கப்பா. பாட்டைக் கண்டுபிடிச்சவன் பாடட்டும்" என்றார்.

சுவர் முழுக்க அடங்கியது. கருத்தாண்டி தனியாகப் பாடினான். அந்தத் துள்ளலைப் பிடித்துக்கொண்டு பேச்சி நேராக ஓடிவந்து அவன் பொந்துக்குள் விழுந்தாள். பல்லி வெளியே நின்று முறைத்துவிட்டுப் போனது.

அன்று முதல்தான் சுவர்க்கோழிகள் வலது சிறகை மேலே போட்டுப் பாடுகின்றன. நாம் பக்கத்தில் நடந்து போனால் அத்தனையும் சட்டென்று அடங்கிவிடுகின்றனவே, அது நமக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். வருவது பேச்சியோ என்னவோ, கருத்தாண்டியின் பாட்டு அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் இன்றும் வழிவிடுகின்றன.