உட்கார்ந்து மறைத்த கை

பிஜித் தீவுகளில் ஆமையும் நாரையும் நண்டும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், நண்டுக்கு இரண்டு கைகளும் ஒரே அளவுதான். நடந்ததை அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை, மேக்கே ஆடுவார்கள். மணலில் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுக்கு ஏற்பக் கைகளால் கதை சொல்லும் ஆட்டம் அது. சபை முன்னால் ஒரு தடவை ஆடிவிட்டால் போதும், அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். பிறகு ஒரு விரலசைவைக்கூட மாற்ற முடியாது.

ஒரு நாள் பேரலை வந்தது. லேவா என்ற பெண் நண்டு, சபைத் தலைவரான ஆமையின் முதுகில் தொற்றிக்கொண்டாள். ஆமை அவளை உதறிவிட்டு முங்கிப் போய்விட்டது. லேவாவை அலை அடித்துக்கொண்டு போனது. அவள் அண்ணன் செரு பாறைமேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். அம்மாவிடம் மட்டும் சொன்னான்.

அலை வடிந்ததும் நாரை புது மேக்கே கட்டியது. செருவும் பழக உட்கார்ந்தான்.

"கையை வீசச் சொன்னா கொசு விரட்டுறியே! வளைச்சு வீசுடா," என்று அதட்டியது நாரை.

பத்து நாள் பழகினான். வரிசையிலேயே செருவின் கைதான் அழகு என்று பேச்சு வந்தது. அதன் பிறகுதான் நாரை கடைசி அடியைச் சொல்லிக்கொடுத்தது.

"வலது கை தலைவர். 'வா, என் முதுகுல ஏறு'ன்னு கூப்பிடுறார். இடது கை லேவா. 'வரமாட்டேன் போ'ன்னு உதறுறா."

செருவின் கைகள் நின்றுவிட்டன. "அண்ணே, அப்படி நடக்கலையே."

"எனக்குத் தெரியாதா? ஆமை முன்னாடி உட்கார்ந்து ஆமையையே திட்டி ஆட முடியுமா? நீ கூடப்பிறந்தவன், நீ ஆடினாத்தான் சபை நம்பும். முன்வரிசையில நடு இடம் உனக்கு. வேணாம்னா சொல்லு, நத்தை காத்துக்கிட்டிருக்கு."

"நத்தைக்குக் கையே கிடையாதே!"

"வாயும் கிடையாது. அதுதான் வசதி."

நடு இடத்தை விடச் செருவுக்கு மனசு வரவில்லை. வலது கை ஆடட்டும், இடது கைமேல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தான். பொய்யில் பாதிதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

சபை கூடியது. மரமுரசு அதிர்ந்தது. வரிசை முழுக்க இடது கைகள் உதறின. நடுவில் செருவின் வலது கை மட்டும் வளைந்து வளைந்து கூப்பிட்டது.

"பார்த்தியா," என்று விசும்பியது ஒரு கிழட்டு இறால். "தங்கச்சி செஞ்ச தப்பைச் சொல்லக் கூசி, கையை ஒளிச்சுக்கிட்டான். மானமுள்ள பிள்ளை!"

சபை முழுவதும் ஆமாம் என்றது. தலைவர் ஆமைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இல்லை! அதுக்காக இல்லை!" என்று செரு கத்தினான். ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. எல்லாரும் விருந்துக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா மட்டும் அவன் எதிரே வந்து நின்றாள்.

"இன்னொரு கைமேலயும் உட்கார்ந்திருக்கலாமேடா."

பிறகு பெண் நண்டுகள் பக்கம் திரும்பினாள். "வாங்கடி. இனிமே நம்ம கை சேத்தை அள்ளித் திங்க மட்டும்தான்."

செரு இடது கையை வெளியே எடுத்தான். அது நசுங்கிச் சூம்பியிருந்தது. இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்த வலது கையை நிறுத்தப் பார்த்தான். அது வீங்கிக்கொண்டே போனது, நிற்கவில்லை.

கடல் வற்றும் நேரத்தில் சேற்றோரம் போனால் நீங்களும் பார்க்கலாம். அன்று முதல்தான் ஆண் நண்டுகள் பெருத்த ஒற்றைக் கையை வீசி வீசிக் கூப்பிடுகின்றன. பெண் நண்டுகள் இரண்டு சின்னக் கைகளாலும் சேற்றை அள்ளித் தின்றபடி பார்க்கின்றன, பதிலுக்கு ஒரு கையைக்கூடத் தூக்குவதில்லை.