புழுதிக்குடி அணைக்கு வந்த நாலு வெள்ளைப் பறவைகள்

புழுதிக்குடி ஆட்களிடம் ஒரு வேலையை ஒரு தடவை சொன்னால் போதும், சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். வந்த வினையே அதுதான்.

அந்தச் சித்திரையில் ஊர் அணைக்குள் மண் அள்ள லாரிகள் வரப்போவதாகப் பேச்சு. லாரி இறங்கினால் இருக்கிற தண்ணியும் சேறாகிவிடும், அப்புறம் எருமைகள் நாக்கைத் தொங்கப்போட வேண்டியதுதான். பறவைக் கணக்கு எடுக்க வந்த ஆபீசரம்மா, ஒரே நாளில் நூறு பறவை தேறினால் லாரியை உள்ளே விடமாட்டோம் என்றார். ஊர்க்காரர் நாலு பேரும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். மனுஷ முகம் தெரியக்கூடாது, அசையக்கூடாது, ஒரு பூச்சியைக்கூடத் தொந்தரவு பண்ணக்கூடாது என்றும் சொல்லிவிட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார்.

பூலோகம், சங்கிலி, இருளப்பன், சின்ன வயசில் மண்வெட்டி பட்டு இடது கால் சுண்டுவிரல் போன தவசி, நாலு பேரும் விடிந்ததும் சேற்றில் இறங்கினார்கள். வேட்டியை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார்கள். உள்ளே டிராயர் இருந்தது, கவலைப்படாதீர்கள்.

கொக்கு வந்தது, நாரை வந்தது. பூலோகம் எழுதுவதற்காகப் பென்சிலை வெளியே நீட்டினார். அதன் நுனியில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது.

"எழுதினா தும்பிக்குத் தொந்தரவு" என்றார் சங்கிலி, உதடு அசையாமல்.

"எழுதாட்டி ஊருக்குத் தொந்தரவு" என்றார் தவசி.

இருளப்பன் வெகுநேரம் யோசித்தார். "ஊரைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் சொல்லலையே."

அது நியாயமாகப் பட்டது. பூலோகம் நீட்டிய பென்சிலோடு அப்படியே இருந்தார். தும்பி போகும், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து உட்காரும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நீர்க்காகம் இருளப்பன் தலையில் ஏறி இறக்கையைக் காயப்போட்டது. அவர் மூச்சுவிடக்கூட யோசித்தார்.

சாயங்காலம் வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கரையேறினார்கள். நோட்டு வெறுமையாக இருந்தது. ஊரைக் கெடுத்துவிட்டேனே என்று பூலோகம் அழுதேவிட்டார்.

"அழாதீங்க, நானும் எதிர்க்கரையில இருந்து எண்ணினேன்" என்றார் ஆபீசரம்மா. "தொண்ணூத்தாறு தேறிச்சு. அதுபோக வெள்ளையா, பெருசா நாலு. கானல்ல என்ன ஜாதின்னு தெரியலை. ஒண்ணு அலகுல தும்பியைக் கவ்விக்கிட்டு நாள் முழுக்க அசையவே இல்லை. சரியா நூறு. கையெழுத்துப் போடுங்க."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"நாங்க பாக்கலையேம்மா" என்றார் பூலோகம். "பாக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

கெஞ்சிப் பார்த்தும் மசியவில்லை. கடைசியில் ஆபீசரம்மா இடத்தைக் காட்ட, எல்லோரும் இறங்கிப் போனார்கள். சேற்றில் எட்டுக் காலடி பதிந்திருந்தது. சங்கிலி ஒன்றில் தன் காலை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. அடேயப்பா, நம்ம கால் தண்டி இருக்கே என்று அசந்துபோனார்.

தவசி ஒரு தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"பாவம், இதுக்கும் இடது கால்ல சுண்டுவிரல் இல்லை."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆபீசரம்மா நாலு வேட்டியிலும் இருந்த சேற்றைப் பார்த்தார், தண்ணி குடிக்க இறங்கிய எருமைகளைப் பார்த்தார், பேனாவை நீட்டினார்.

லாரி வரவில்லை. தவசி மட்டும் இன்னமும் தினம் காலையில் அந்தப் பறவையைத் தேடி அணைக்குப் போகிறார், தன் இடது கால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. அதுக்கு அளவு சரியாக இருக்குமாம்.