மீசை வெச்ச முட்டை

முன்னொரு காலத்துல, கோழி திட்டுனா மனுஷங்களுக்கும், மனுஷங்க திட்டுனா கோழிக்கும் நல்லாவே புரிஞ்ச காலத்துல, ஏழேரி நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. கோழி எப்படிங்க பேசும்னு கேக்கறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க. நடுவுல கதையை நிறுத்தி விளக்கம் சொல்ற ஆள் நான் இல்லை.

அந்த நாட்டுக் காட்டோரத்துல கொளஞ்சின்னு ஒரு விறகுவெட்டி. கையில கோடாலி, மூஞ்சியில முறுக்கு மீசை. அவன் பொண்டாட்டி பூங்காவனம், வீட்டுக்குப் பின்னாடி பத்து கோழி வளர்த்தா. கெட்டிக்காரிதான், ஆனா பொல்லாத அவசரக்காரி. விடிஞ்சதும் அவளுக்கு முதல் வேலை புருஷனை எழுப்பறது. "மாமா, எந்திரி! கஞ்சி ஆறுது!"ன்னு ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை கத்தணும். மூணாவது தடவைதான் அந்த மகராசன் கண்ணைத் திறப்பான். தினமும் இதே கூத்து.

பத்துல மூத்த கோழி, தலையில கொண்டை வெச்ச கொண்டைக்காரி. ஒரு நாள் அது அடைக்குப் படுத்துடுச்சு. கூடையை விட்டு இறங்காம, இறகைச் சிலுப்பிக்கிட்டு, கிட்டப் போனா கொத்திக்கிட்டுக் கிடந்துச்சு. அடைக்குப் படுத்த கோழி முட்டை போடாதே! பூங்காவனத்துக்கு எரிச்சல். புருஷனுக்குத் தெரியாம கொண்டைக்காரியைத் தூக்கிட்டுப் போய்த் தண்ணித் தொட்டியில மூணு முக்கு முக்குனா. அதோட விட்டாளா? அதோட இறகுலயே ஒண்ணைப் பிடுங்கி, அது மூக்கு ஓட்டையில குறுக்கால சொருகி விட்டா. அடை தெளியறதுக்கு அந்த ஊர்ல அப்படித்தான் செய்வாங்க. பாவம், கோழி தும்மிக்கிட்டே நின்னுச்சு.

அந்த நேரம் பார்த்தா வரணும் நெட்டைக்குடுமி? நெட்டைக்குடுமின்னா அந்த நாட்டையே ஆட்டி வெச்ச மந்திரவாதி. குடுமி மட்டும் ஒரு முழம்.

"டேய் விறகுவெட்டி! என் பூசைக்குக் கொண்டை வெச்ச கோழி ஒண்ணு அறுத்துக் குடு!"

"மன்னிச்சுக்கோங்க சாமி. எங்ககிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் அடைக்குப் படுத்திருக்கு. அடையில இருக்கற கோழியை நாங்க அறுக்கறதில்லை. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னான் கொளஞ்சி.

சொல்லி வாய் மூடலை. கொல்லையில இருந்து கொண்டைக்காரி நடந்து வருது. தொப்பலா நனைஞ்சு, மூக்குல இறகோட, 'அச்சு, அச்சு'ன்னு தும்மிக்கிட்டு.

"இதுதான் அடைக்கோழியாடா? என்கிட்டயே புளுகுறியா? அடை அடைன்னு சொன்ன நீயே முட்டையாக் கிட!"

டப்புன்னு ஒரு புகை. கொளஞ்சி நின்ன இடத்துல ஒரு முட்டை கிடந்துச்சு.

"ஐயோ சாமி, அவரு பொய் சொல்லலை! கோழியை முக்குனது நான்! தண்டனையை எனக்குக் குடுங்க!"ன்னு பூங்காவனம் மந்திரவாதி கால்ல விழுந்து அழுதா. சாபம் குடுக்கறவன் அதைத் தீர்க்கற வழியையும் சொல்லணும், இல்லைன்னா சாபம் பலிக்காது. அது மந்திரவாதிங்களுக்குள்ள ஒரு சட்டம். அதனால வேண்டா வெறுப்பா முணுமுணுத்தான்: "ஒரு கோழி இருபத்தொரு நாள் அடைகாத்தா, கடைசி நாள் பொழுது சாயறதுக்குள்ள உன் புருஷன் வருவான். நடுவுல ஒரு தடவை ஆறிப்போனாலும் கூமுட்டைதான்." சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிட்டான்.

பூங்காவனம் முட்டையை மடியில கட்டிக்கிட்டுக் கோழிகிட்ட ஓடுனா. "கொண்டைக்காரி, என் தங்கமே, வந்து உட்காரு!"

"முதல்ல மூக்குல இருக்கற இறகை எடுடி"ன்னுச்சு கோழி. எடுத்தா. "எனக்காகப் பேசப் போய்த்தான் அந்த மனுஷனுக்கு இந்தக் கதி. உட்கார மனசு இருக்கு. ஆனா உடம்புல சூடு இல்லையே! நீதான் முக்கி முக்கித் தணிச்சிட்டியே. அடை என்ன, கூப்பிட்டா வர்றதா? வேண்டாம்னா போறதா?"

மத்த ஒன்பது கோழியில ஒண்ணுகூட அடையில இல்லை. பூங்காவனம் என்ன செய்வா? கூடைப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்தா. முட்டையை வயித்தோட அணைச்சுக்கிட்டா. சமைக்கலை, குளிக்கலை, கண்ணு அசரலை. 'என் அவசர புத்தியால இப்படி ஆயிடுச்சே'ன்னு கண்ணுல தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

முதல் நாள் கொண்டைக்காரி தூரத்துல நின்னு பார்த்துச்சு. "முட்டையைத் திருப்பி வைடி. ஒரே பக்கமாக் கிடந்தா உள்ளே ஒட்டிக்கும்."

ரெண்டாம் நாள் கிட்ட வந்துச்சு. "இப்படியா இறுக்கறது? அமுக்கிக் கொன்னுடாதே!"

மூணாம் நாள் அதுக்குத் தாங்கலை. "தள்ளு, தள்ளு! நீயும் உன் அடையும்! பார்க்கச் சகிக்கலை!" இறகு சிலுப்பிடுச்சு, நெஞ்சு கதகதன்னு ஆயிடுச்சு. வந்துடுச்சுங்க, அடை வந்துடுச்சு! பூங்காவனம் அப்பத்தான் முதல் தடவையா மூச்சு விட்டா.

"ஒத்த முட்டைக்கு நான் உட்காரமாட்டேன். என் முட்டை பன்னெண்டையும் கொண்டா. உன் வீட்டுக்காரரோட பதிமூணு. அடைக்கு ஒத்தைப்படைதான் ராசி, அதுவும் சரியா வந்துடும். நீ அணைச்சுக்கிட்டிருந்த நாளெல்லாம் கணக்குல வராது, இன்னைக்குத்தான் ஒண்ணாம் நாள்"ன்னுச்சு கோழி.

பூங்காவனம் கூடையில தவிடு கொட்டி, மேல வைக்கோல் போட்டா. புருஷன் முட்டையில மட்டும் கரித்துண்டால ஒரு கோடு இழுத்தா. இடி இடிச்சா முட்டை கெட்டுடும்னு அடைக்கூடையில ஒரு இரும்பு போடுவாங்க இல்லையா? வேற இரும்பு தேடலை, கொளஞ்சியோட கோடாலியையே காம்புல இருந்து கழட்டி அடியில வெச்சா.

நெட்டைக்குடுமி சும்மா இருப்பானா? ஏழாம் நாள் கொண்டைக்காரி தீனி எடுக்க இறங்குன நேரம் பார்த்து, கொல்லை பூரா மாயக் கம்புத் தானியத்தைத் தூவிவிட்டான். தின்னத் தின்ன ருசி, தின்னத் தின்னப் பசி. கோழி தலையை நிமிர்த்தலை. முட்டை ஆற ஆரம்பிச்சிடுச்சு! பூங்காவனம் பதறிப்போய்ப் பதிமூணையும் வாரி மடியில கட்டிக்கிட்டு, ஒத்தைக் கையால விளக்கமாத்தை எடுத்துக் கம்பு அத்தனையும் கூட்டி ஏரியில தள்ளுனா. கோழி ஏப்பம் விட்டுட்டு வந்து, வெக்கப்பட்டுக்கிட்டே படுத்துச்சு.

பதினாலாம் நாள் கோழி தீனி எடுத்துட்டு வந்து பார்த்தா, கூடை நிறைய முட்டை! முப்பது இருக்கும். அத்தனையிலயும் கரிக்கோடு!

"அடியே, எனக்கு ரெண்டே இறக்கைதான். முப்பதை எப்படி மூடுவேன்? ஓரத்துல இருக்கறதெல்லாம் ஆறிடும்"னு கோழி அலறுச்சு.

எது புருஷன், எது மாயம்? பூங்காவனம் அவசரப்படலை, கவனிச்சீங்களா? கூரை ஓட்டையில இறங்குன வெயில்ல ஒவ்வொரு முட்டையாப் பிடிச்சுப் பார்த்தா. பாதிக்கு மேல உள்ளே வெறுமை, ஒண்ணுமே இல்லை. அதையெல்லாம் வெளியே போட்டா. பன்னெண்டுல சிவப்பு நரம்பு ஓடுச்சு, உள்ளே குஞ்சு நெளிஞ்சுச்சு. கடைசியா ஒண்ணைப் பிடிச்சா. உள்ளே ரெண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை!

"மாமா!"ன்னு அந்த முட்டைக்கு ஒரு முத்தம் குடுத்து, நடுக்கூடையில வெச்சா.

இருபதாம் நாள் நெட்டைக்குடுமிக்குப் பொறுமை போயிடுச்சு. கூரைக்கு மேல வந்து நின்னு, வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, "இடியே, இறங்கு!"ன்னான். அண்டம் குலுங்க ஒரு இடி இறங்குச்சு. கூரையைப் பிச்சுக்கிட்டு நேரா அடைக்கூடைக்கு வந்துச்சு. கொண்டைக்காரி கண்ணை மூடிக்கிட்டு இறக்கையை விரிச்சுச்சு. ஆனா அடியில கிடந்த கோடாலி சும்மா விடுமா? வந்த இடியை வந்த வழியே திருப்பி அனுப்பிடுச்சு. அது போய் நெட்டைக்குடுமி உச்சந்தலையில விழுந்துச்சு. டப்புன்னு ஒரு புகை. கூரையில இருந்து ஒரு முட்டை உருண்டு வந்துச்சு, உச்சியில ஒரு முழக் குடுமியோட.

அவன் போனாலும் அவன் போட்ட சாபம் போகலை. இருபத்தொண்ணாம் நாள் வந்துச்சு. காலையில இருந்து ஒண்ணு ஒண்ணாப் பொரிஞ்சு, மத்தியானத்துக்குள்ள பன்னெண்டு குஞ்சும் கீச்சு கீச்சுன்னு வந்துடுச்சு. பதிமூணாவது முட்டை மட்டும் அசையலை. வெயில் சாஞ்சுது. விரிசல் இல்லை, தட்டல் இல்லை.

"நான் உடைச்சே எடுத்துடறேன்!"னு பூங்காவனம் கையை ஓங்குனா. கொண்டைக்காரி அந்தக் கையிலயே ஒரு கொத்து கொத்துச்சு.

"உடைச்சு எடுத்த குஞ்சு பிழைக்குமாடி? தானா வரணும். அன்னைக்கு அவசரப்பட்டு என்னை முக்குனது போதாதா? காதை வெச்சுக் கேளு முதல்ல!"

பூங்காவனம் முட்டையைக் காதுல வெச்சா. உள்ளே சத்தம் கேட்டுச்சு. என்ன சத்தம்னு நினைக்கறீங்க? கொர்ர்... கொர்ர்...

குறட்டை! இருபத்தொரு நாளும் கதகதப்பாக் கிடந்து மனுஷன் அசந்து தூங்கறான்!

"நான் எத்தனையோ கூப்பிட்டாச்சு. என் குரலுக்கு எந்திரிக்கற ஆளா அது?"ன்னுச்சு கோழி.

"மாமா, எந்திரி, கஞ்சி ஆறுது"ன்னா பூங்காவனம். அழுகையில குரலே வரலை. கொர்ர்...

"மாமா, எந்திரி! கஞ்சி ஆறுது!" குறட்டை நின்னுச்சு. புரண்டு படுத்த சத்தம்.

சூரியன் மரத்துக்குக் கீழ இறங்கிடுச்சு. மூணாவது தடவை, அடிவயித்துல இருந்து, தினமும் கத்துவாளே, அதே கத்தல்: "மாமா! எந்திரிக்கிறியா இல்லையா! கஞ்சி ஆறுதுய்யா!"

டக். டக். டக். முட்டை பொளந்துச்சு. முதல்ல மீசை வந்துச்சு, அப்புறம் முழு ஆளும் கொட்டாவி விட்டுக்கிட்டே வந்து நின்னான்.

"ஏண்டி இப்படிக் கத்துற? எந்திரிச்சிட்டேன்ல! கஞ்சி எங்கே?"

பூங்காவனம் அவனைக் கட்டிக்கிட்டு அழுதா, சிரிச்சா, மறுபடி அழுதா. "கஞ்சி ஆறிப்போச்சு மாமா. ஆறட்டும் விடு. நீ ஆறலையே, அது போதும் எனக்கு."

அப்புறம் நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம அவன்கிட்ட சொன்னா. கொண்டைக்காரி முன்னாடி மண்டி போட்டு மன்னிப்பும் கேட்டா. "இனிமே தொட்டிப் பக்கம் என்னைத் தூக்கிட்டுப் போகாதே, அது போதும்"னுச்சு கோழி. அதுக்கப்புறம் அந்த வீட்டுல எந்தக் கோழி அடைக்குப் படுத்தாலும் யாரும் தண்ணியில முக்குனதில்லை, மூக்குல இறகு சொருகுனதும் இல்லை.

குடுமி முட்டை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? தவிட்டுப் பானையில பத்திரமா இருக்கு. பூங்காவனத்துக்கு மனசு கேக்கலை, அதுக்கும் ஒரு தடவை உட்காரச் சொல்லிக் கோழிகிட்டக் கேட்டா. உட்கார்றேன்னு அதுவும் ஒத்துக்கிச்சு, ஆனா அடை வரணுமே! தினமும் பானைக்குள்ள இருந்து, "அம்மா கொண்டைக்காரி, அடை வந்துடுச்சா?"ன்னு ஒரு குரல் கெஞ்சும். கோழி குஞ்சுகளோட மண்ணைக் கிளறிக்கிட்டே, "இன்னும் இல்லை சாமி"ன்னு பதில் சொல்லும்.

அவ்வளவுதான் கதை. எல்லாரும் எந்திரிங்க, கஞ்சி ஆறுது.